செருப்பு மூலை

ரொசாரியோ சாமியார் காலையிலேயே இரண்டு ஊர்களில் பூசை வைத்து முடித்திருந்தார். மூன்றாவது ஊர் பாக்கி. தவக்காலத்து வெயில் கோயில் சுவருக்குள்ளும் வந்துவிட்டது. கழற்றிய பூசை உடுப்பை மடிக்கக்கூட அவருக்குக் கை எழவில்லை.

அப்போது சவரிராயன் வாத்தியார் வந்து நின்றார்.

வாத்தியாருக்குச் சாமியாரின் அப்பா வயது. தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆனாலும் ஆன்ம விஷயம் எல்லாவற்றுக்கும் சாமியாரையே குருவாக வரித்துக்கொண்டிருந்தார். சாமியாருக்கு அதில் சம்மதமா என்று யாரும் கேட்கவில்லை.

"சாமி, அகந்தை போக மாட்டேங்குது."

சாமியார் உட்கார்ந்துகொண்டார். இது சீக்கிரம் முடிகிற பேச்சில்லை.

விருந்துக்குப் போனால் கடைசி இடத்தில் உட்கார் என்கிறது நற்செய்தி. வாத்தியார் அதை அப்படியே பிடித்துக்கொண்டவர். கோயிலில் முன்வரிசை அவருக்கென்றே கிடந்தது. அதை விட்டுவிட்டு, வாசலை ஒட்டி எல்லோரும் செருப்பைக் கழற்றிப் போடுகிற மூலையில், வெறுந்தரையில் உட்கார ஆரம்பித்தார். ஊர் முதலில் பதறியது. பிறகு பழகியது. அப்புறம் பெருமைப்பட ஆரம்பித்துவிட்டது. வெளியூர்க்காரர்கள் வந்தால், கோயில் மணியைக் காட்டிய கையோடு வாத்தியாரையும் காட்டினார்கள்.

"எவ்வளவு கீழ போனாலும், உள்ள ஒருத்தன் இருந்துக்கிட்டு, 'பாத்தியா, எம்புட்டுக் கீழ வந்துட்டே'ன்னு முதுகுல தட்டிக் குடுக்குறான் சாமி. எனக்கு அலுத்துப்போச்சு. இதைவிடத் தாழ்ந்த இடம் எதுவும் இருந்தாச் சொல்லுங்க, அங்க போயிடுறேன்."

அவர் கண் கலங்கியிருந்தது. நடிப்பில்லை. பாவம், மனிதர் நிஜமாகவே களைத்துப்போயிருந்தார்.

சாமியார் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தார்.

"உங்க தம்பி இன்னிக்குப் பூசைக்கு வந்தாரே. பாதியில ஆளைக் காணோம்."

தம்பி சந்தியாகு, பெண்டாட்டி செத்த துக்கத்தில் குடிக்க ஆரம்பித்தவன். துக்கம் பழசான பிறகும் குடி நிற்கவில்லை. கோயில் பக்கம் தலைகாட்டியே வருஷக்கணக்காகிறது. சாமியார் நாலைந்து முறை வீடு தேடிப் போய்க் கெஞ்சி, இந்த ஞாயிறு குடிக்காமல் வருகிறேன் என்று வாக்கு வாங்கியிருந்தார்.

"வந்தான் சாமி. நேரா வந்து என் இடத்துல உட்காந்துட்டான். 'இது நான் உட்கார்ற இடம்ப்பா, நீ முன்னால போ'ன்னேன். நல்ல இடமாத்தான் காட்டுனேன். எந்திரிச்சு வெளிய போயிட்டான்."

"நீங்க?"

"உட்காந்து அவனுக்காக வேண்டிக்கிட்டேன்."

சாமியார் எழுந்து வண்டிச் சாவியை எடுத்தார்.

"ஏறுங்க, போவோம்."

"அடுத்த ஊருல பூசை இருக்கே?"

"காத்திருப்பாங்க."

சந்தியாகு வீட்டுக்குள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டை அப்படியே இருந்தது. சாமியாரைப் பார்த்ததும் எழுந்தான். பின்னால் அண்ணனைப் பார்த்ததும் தலை குனிந்துகொண்டான்.

"இன்னும் குடிக்கலை சாமி," என்றான். "கடைக்குப் போகலாம்னுதான் கிளம்புனேன். வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்து உட்காந்துட்டேன். எவ்வளவு நேரம் உட்காந்திருப்பேன்னு சொல்ல முடியாது."

வண்டிச் சத்தம் கேட்டு அக்கம்பக்கத்தார் வாசலில் கூடியிருந்தார்கள். அதை வாத்தியார் பார்த்தார். பார்த்த பிறகுதான் குரல் எழுந்தது.

"தம்பி, நான் பாவி! உன்னை விரட்டுன மகாபாவி!"

சொல்லிக்கொண்டே தம்பியின் காலில் விழக் குனிந்தார். சந்தியாகு நெருப்பை மிதித்தவன் மாதிரிப் பின்னால் துள்ளினான்.

"ஐயோ, வேணாம்ணே! மூத்தவரு கால்ல விழுந்தா எனக்கு ஆகாது!"

வாசலில் ஒருத்தி "ச்சு, ச்சு" என்று பரிதாபப்பட்டாள். வாத்தியார் இன்னும் குனிந்தார். தம்பி இன்னும் பின்னால் போனான். போக இடமில்லாமல் சுவரில் முட்டி நின்றான்.

சாமியார் வாத்தியாரின் தோளைப் பிடித்து நிமிர்த்தினார்.

"இந்த இடத்தையும் நீங்களே எடுத்துக்கிட்டா, அவரு எங்க போவாரு?"

சாமியார் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

என்ன செய்வதென்று தெரியாமல் சந்தியாகு வீட்டில் இருந்த ஒரே நாற்காலியை இழுத்துப் போட்டான். தோள் துண்டால் தூசி தட்டினான். "உட்காருங்கண்ணே."

வாத்தியார் பழக்கதோஷத்தில் தரையில் உட்காரப் போனார்.

"நாற்காலியில உட்காருங்க," என்றார் சாமியார்.

"நீங்க நிக்கும்போது நான் எப்படி..."

"உங்களுக்குத்தான் தொடச்சுப் போட்டாரு."

வாத்தியார் உட்கார்ந்தார். செருப்பு மூலையில் ஒருநாளும் அவருக்கு இவ்வளவு கூச்சம் வந்ததில்லை. தம்பி நின்றுகொண்டிருந்தான். மூலையில் அடுப்பு பற்றவைக்காமல் கிடப்பது இப்போதுதான் அவர் கண்ணில் பட்டது.

"சாப்பிட்டியாடா?" என்றார்.

"இல்லண்ணே."

"வீட்டுக்கு வா. உன் மதினி சோறாக்கி வச்சிருக்கா."

சந்தியாகு முகத்தைத் துண்டால் பொத்திக்கொண்டான். பிறகு துண்டை எடுத்தான்.

"வர்றேன்," என்றான். "அடுத்த ஞாயிறும் வர்றேன் சாமி. ஆனா அந்த வாசல் மூலையிலதான் உட்காருவேன். முன்னால வர இன்னும் தெம்பு இல்லை."

"அங்கயே உட்காருங்க," என்றார் சாமியார்.

தம்பி முகம் கழுவக் கொல்லைப்பக்கம் போனான். சாமியார் வெளியே வந்து வண்டியில் ஏறினார். வெயில் உச்சிக்கு வந்திருந்தது. வாத்தியார் பின்னாலேயே வந்து வண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப நான் எங்க உட்கார்றது சாமி?"

"எங்க இடம் கிடக்கோ அங்க."

வாத்தியார் யோசித்தார். அவர் முகம் வாடிவிட்டது.

"கூட்டத்துக்கு நடுவுல எங்கயாவது உட்காந்தா, நான் வந்ததே யாருக்கும் தெரியாதே சாமி."

சாமியார் அவரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமில்லை, களைப்புதான் இருந்தது.

"ஆமா வாத்தியாரே," என்றார். "தெரியாது."