வாழையடியில் கொட்டிய சேறு

எந்த ஊர் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். வானம் பார்த்த ஊர், அவ்வளவு தெரிந்தால் போதும். ஊர்க்கோடியில் ஒரு மடம், மடத்துக்குப் பின்னால் ஒரு குட்டை. வருஷத்தில் மூன்று மாதம் தண்ணீர் நிற்கும், மிச்ச நாளெல்லாம் வெடித்துக் கிடக்கும். ஆனாலும் மழை விழுந்தால் அதில் எங்கிருந்தோ மீன் வந்துவிடும்.

மடத்தை நடத்தியவர் வடிவம்மை. முப்பத்தாறு வயது. அவருடைய சீடர் தில்லைநாயகத்துக்கோ அறுபத்தொன்று. தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மணி அடித்தால் பள்ளிக்கூடமே எழுந்து நிற்கும், அப்படி ஒரு கண்டிப்பு. காலையில் மடத்துக்கு வந்தால் பொழுது சாய்ந்துதான் வீடு திரும்புவார். வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை, பாவம்.

காரணம் கடைசி மகன் சேந்தன். அம்மா இறந்து ஒன்றரை வருஷம் ஆகியும் சுவரைப் பார்த்துப் படுத்தபடியே கிடந்தான். வேலைக்குப் போகவில்லை, கூப்பிட்டால் ஏனென்று கேட்பதில்லை. அப்பாவும் சொல்லிப் பார்த்தார், திட்டிப் பார்த்தார், கடைசியில் கெடு வைத்துவிட்டார். ஐப்பசி பிறக்கும்போது நீ இந்த வீட்டில் இருக்கக் கூடாது என்று.

சித்திரையில் ஒருநாள் இதையெல்லாம் வடிவம்மையிடம் கொட்டிவிட்டு அவர் கேட்டார்.

"மூணும் ஒரே வயித்துப் பிள்ளைங்கம்மா. பெத்தவளைப் பறிகொடுத்தது மூணும்தான். மூத்தது ரெண்டும் காரியம் முடிஞ்ச கையோட எழுந்து வேலைக்குப் போயிடுச்சு. இவன் மட்டும் ஏன் எழுந்திருக்கல?"

வடிவம்மை காய்ந்த குட்டையில் இறங்கி, அடிமண்ணை ஒரு சட்டியில் வெட்டிக்கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தார். இதில் தண்ணீர் ஊற்றுங்கள் என்றார்.

ஊற்றினார். மதியத்துக்குள் சட்டியில் ஊசிமுனை அளவு மீன்குஞ்சுகள் ஓட ஆரம்பித்தன. போன வருஷத்து மீன்கள் சாகுமுன் சேற்றில் இட்டுவிட்டுப் போன முட்டைகள் பொரித்திருந்தன. நாற்பதுக்குக் குறையாது. மனுஷனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

இரண்டு நாள் கழித்து ஒரு கோடை மழை கொட்டியது. குட்டை அரைவாசி நிறைய, குஞ்சுகளைக் கொண்டுபோய் அதில் விட்டார். வாத்தியார் அல்லவா, பாத்திரம் அழுக்காகக் கிடந்தால் பொறுக்குமா? சட்டியில் மிஞ்சிய சேற்றை வாழையடியில் கொட்டி, சட்டியைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்தார்.

வடிவம்மை அதைப் பார்த்தார். வாழையடியில் குந்தி, அந்தச் சேற்றைப் பிடி பிடியாக வழித்தெடுத்தார். அதை ஆறப் போட்டுச் சாக்கில் கட்டி அவரிடம் கொடுத்தார்.

"நிழல்ல வைங்கய்யா. வெயில் படக் கூடாது, ரொம்பக் காயவும் கூடாது. பிரிச்சுப் பிரிச்சுப் பார்க்காதீங்க."

பத்தே நாளில் வெயில் குட்டையைக் குடித்துவிட்டது. விட்ட குஞ்சுகள் அத்தனையும் சேற்றோடு சேறாகச் செத்துக் கிடந்தன. தில்லைநாயகம் அன்று சாப்பிடவில்லை. அவர்தானே கொண்டுபோய் விட்டவர்.

அதற்கப்புறம் அந்தச் சாக்கை அவர் பார்த்துக்கொண்ட அழகைச் சொல்ல வேண்டும். வெயில் நகர நகரச் சாக்கையும் நகர்த்துவார். மேலே ஈரம் குறைந்தால் கையால் தண்ணீர் தெளிப்பார். ஆடிக் காற்றில் தன் மேல்துண்டையே எடுத்துப் போர்த்தி வைத்தார். இவ்வளவும் மடத்தில். வீட்டுக்குப் போனால் மகனுடைய கதவை ஓங்கித் தட்டி, ஐப்பசிக்கு இன்னும் இத்தனை நாள் என்று கத்திவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார்.

புரட்டாசிக் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. நாலு நாள் விடாமல் பெய்து குட்டை தளும்பியது. வடிவம்மை சாக்கைப் பிரித்து அதே சட்டியில் கொட்டச் சொன்னார். தண்ணீர் ஊற்றிக் கொஞ்ச நேரத்தில் சட்டி நிறையக் குஞ்சுகள். பெரியவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"இதெல்லாம் அன்னிக்கும் இதுக்குள்ளதான் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அன்னிக்கும் நான் தண்ணி ஊத்தினேனே."

"ஊத்தினீங்க."

"அப்ப ஏன் எழுந்திருக்கல?"

"அன்னிக்கு எல்லாமே எழுந்திருந்தா, இன்னிக்கு இந்தச் சட்டியில என்னய்யா இருக்கும்?"

தில்லைநாயகம் சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் குஞ்சுகளைக் குட்டையில் விட்டார். இந்த முறையும் அடியில் சேறு மிஞ்சியது. வாழைப் பக்கம் அவர் போகவில்லை. அதை மறுபடி சாக்கில் அள்ளிப் போட்டு, வாயைக் கட்டி, நிழலில் வைத்து, துண்டைப் போர்த்தினார்.

புறப்படும்போது வாசல்வரை போனவர் திரும்பி வந்தார்.

"நாளைக்கு ஐப்பசி பிறக்குதும்மா. வீட்டுக்குப் போய் அவன்கிட்ட என்ன சொல்லட்டும்?"

வடிவம்மை சாக்கின் மேல் கிடந்த துண்டைச் சரியாக இழுத்துவிட்டார்.

"ஆறு மாசமா இதுகிட்ட என்ன சொன்னீங்க?"