ஊசியை உதறிய மரம்

அந்தக் காலத்தில் மரங்களும் பறவைகளும் பேசிக்கொள்ளும். வடக்கே, ஆறுகளே உறைந்துபோகும் நாட்டில், லார்ச் என்றொரு மரம் இருந்தது. நல்ல மரம்தான். ஆனால் யார் எதைச் சொன்னாலும் அதற்குச் சரியென்றே படும்.

ஒரு வருஷம் பனி சொல்லியனுப்பியது: "இனி எட்டு மாதம் இங்கேதான் இருப்பேன். அகல இலையோடு நிற்கிறவர்கள் மேல் நான் உட்கார்ந்தால் கிளை முறியும். அப்புறம் என்னைத் திட்டக்கூடாது."

அப்போது எல்லா மரத்துக்கும் அகல இலைதான். லார்ச்சுக்கு உயிர்ப்பயம் பிடித்துக்கொண்டது. பல காடு பார்த்த வாலாட்டிக் குருவியிடம் யோசனை கேட்டது.

"தெற்கே மழைக்காடு வருஷம் முழுக்கப் பச்சையாக இருக்கும்," என்றது வாலாட்டி. "அதற்குப் பக்கத்திலேயே தேக்குக் காடு. கோடையில் தண்ணீர் கிடைக்காதா, இலையெல்லாம் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கும்."

"அப்போ நான் என்ன செய்ய?"

"அதை நான் எப்படியம்மா சொல்வது? குளிர் வந்தால் பறந்து போகிறவள் நான்."

லார்ச் பக்கத்தில் நின்ற பைன் மர அண்ணனைக் கேட்டது. "இலையைச் சுருட்டி ஊசியாக்கு. மெழுகு பூசு. உதிர்க்காதே. இந்தச் சின்னக் கோடையில் புது இலை விட நேரமேது?" என்றது பைன். சரியென்று பட்டது. அந்தப் பக்கம் நின்ற பிர்ச் மர அக்காவைக் கேட்டது. "எல்லாவற்றையும் உதிர்த்துவிடு. பனிக்கு உட்கார இடமும் இல்லை, உன் தண்ணீரும் மிச்சம்," என்றது பிர்ச். அதுவும் சரியென்று பட்டது.

லார்ச்சுக்குத் தலை சுற்றியது. இலைகளை ஊசியாக்கியது. மெழுகு பூசும்போது அக்கா சொன்னது நினைவுக்கு வர, பாதியில் விட்டது. முதல் பனி விழுந்த காலையில் பதறிப்போய், பாடுபட்டுச் செய்த ஊசிகள் அத்தனையையும் உதறிவிட்டது.

"ஊசியும் ஆக்கி, உதறியும் விட்டாயா? எதற்கம்மா இந்த வீண் வேலை?" என்று சிரித்தது பைன். லார்ச்சுக்கு அழுகையாக வந்தது. செத்தோம் என்றே நினைத்தது.

அந்த வருஷக் குளிர் முன்பின் காணாதது. மண் கல்லாக உறைந்து, வேர்களுக்குச் சொட்டுத் தண்ணீர் கிடைக்கவில்லை. காற்று ஊசிகளின் ஈரத்தை உறிஞ்ச, ஊசியை உதிர்க்காமல் நின்ற பைன் அண்ணன் பாதி காய்ந்து சிவந்துபோனது.

குளிர் முடிந்து வாலாட்டி திரும்பி வந்தது. மொட்டை லார்ச்சைப் பார்த்து, "ஐயோ, நான் ஒரு வழி சொல்லியிருக்கலாமே!" என்று அழுதது. அது உட்கார்ந்திருந்த கிளையிலேயே கொத்துக்கொத்தாகப் பச்சை ஊசிகள் எட்டிப்பார்த்தன, தொட்டால் மெத்தென்று.

"உனக்கு எப்படியம்மா இது தெரிந்தது?"

"தெரிந்தா செய்தேன்? யார் சொன்னது சரியென்று இன்னும் எனக்குப் புரியவில்லை."

அன்று முதல்தான் லார்ச் ஊசியிலை மரமாக இருந்தும் வருஷாவருஷம் மொட்டையாகிறது. பனிக்காலத்தில் அந்தப் பக்கம் போகிறவர்கள், இது செத்த மரமா உயிருள்ள மரமா என்று இன்றும் குழம்பி நிற்கிறார்கள்.