கோரைமுனைச் சிப்பிகளின் கல்யாணம்

கோரைமுனைக்காரர்களுக்குப் புத்தி கிடையாது என்று வடக்கூரில் சொல்வார்கள். அது உண்மை அல்ல. புத்தி இருக்கிறது. கூட்டம் போட்டுத்தான் அதை வெளியே எடுப்பார்கள், அவ்வளவுதான்.

ஒரு நாள் மீன்வளத் துறையிலிருந்து தமயந்தி என்ற அதிகாரி வந்தார். ஊரை ஒட்டிய காயலின் பாறைமேட்டில் ஏற்கெனவே சிப்பிகள் இருப்பதால், அங்கே சிப்பி வளர்க்கலாம் என்றார். "மழை பெய்து தண்ணீரில் உப்பு குறைந்ததும் சிப்பிகள் முட்டையும் விந்தும் விடும். இரண்டும் தண்ணீரிலேயே சேரும். குஞ்சுகள் கொஞ்ச நாள் நீந்தித் திரிந்து, சுத்தமான கெட்டிப் பொருள் எதிலாவது ஒட்டிக்கொள்ளும். இந்தச் சுண்ணாம்பு பூசிய ஓடுகளைத் தொங்கவிடுங்கள். பாசி பிடிக்காமல் சுத்தமாக வைத்திருங்கள். நான் திரும்பி வரும்போது குஞ்சு பிடித்திருந்தால் காயல் உங்களுக்கு. இல்லையென்றால் வடக்கூருக்குக் கொடுத்துவிடுவார்கள்."

வடக்கூர் என்றதும் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். சங்கத் தலைவர் தொம்மைதான் முதலில் வாயைத் திறந்தார்.

"மேடம், இதுல ஆம்பிளை எது, பொம்பிளை எது?"

"சின்னதில் பெரும்பாலும் ஆண். வளர்ந்தால் நிறைய பெண்ணாக மாறிவிடும். சிலது திரும்பவும் ஆணாகும்" என்று சொல்லிவிட்டு தமயந்தி ஜீப்பில் ஏறினார்.

அன்று சாயங்காலமே கூட்டம் கூடியது.

"குஞ்சு வேணும்னா முதல்ல கல்யாணம் ஆகணும்" என்றார் தொம்மை. "நம்ம கோயில் பங்கு எல்லைக்குள்ள இருக்குதுங்க. ஓலை வாசிக்காம எப்படி?"

இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு கோயிலில் அறிவிப்பதுதான் ஓலை வாசிப்பு. பங்குச் சாமியாரிடம் போய்க் கேட்டார்கள். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டார்.

அதனால் தொம்மையே கரையில் நின்று முதல் ஓலையை வாசித்தார். "பாறைமேட்டிலுள்ள சின்னச் சிப்பிகளுக்கும், அதே பாறைமேட்டிலுள்ள பெரிய சிப்பிகளுக்கும் திருமணம். தடை இருந்தா சொல்லலாம்."

அவருடைய மச்சான் சூசை கையைத் தூக்கினான். "மச்சான், எல்லாம் ஒரே பாறையில பொறந்ததுங்க. அண்ணன் தங்கச்சி முறை வரும்லா?"

தடை ஏற்கப்பட்டது. மறுநாள் காயலின் அக்கரைக்குப் போய் ஒரு கூடை மாப்பிள்ளைகளைக் கொண்டுவந்தார்கள்.

இரண்டாம் ஞாயிறு ஓலைக்கு சூசையின் மனைவி பிலோமி தடை சொன்னாள். "மாப்பிள்ளை வளந்து பொண்ணாயிட்டா?"

"ஆனா என்ன?"

"பொண்ணுக்கும் பொண்ணுக்கும் யாரு சமைக்கிறதுன்னு சண்டை வரும்."

"சிப்பி எங்க சமைக்குது?" என்றார் தொம்மை. தடை தள்ளுபடி ஆனது.

மூன்றாவது ஞாயிறு வரவில்லை. அதற்குள் மழை வந்துவிட்டது. ராத்திரி முழுக்கக் கொட்டியது. காலையில் போய்ப் பார்த்தால், பாறைமேட்டைச் சுற்றித் தண்ணீர் பால் கலக்கியதுபோல் வெளுத்துக் கிடந்தது. சிப்பிகள் வேலையை முடித்துவிட்டன.

கோரைமுனைக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள்.

"ரெண்டு ஓலைதான் வாசிச்சிருக்கு" என்றார் தொம்மை மெல்லிய குரலில்.

"அக்கரை மாப்பிள்ளைங்க. நான் அப்பவே நெனச்சேன்" என்றான் சூசை.

"நீதான கூட்டிட்டு வந்த?" என்றாள் பிலோமி. "வடக்கூர்க்காரி காதுல விழுந்தா நாம வெளிய தலை காட்ட முடியாது."

மூன்றாவது ஓலையைப் போன ஞாயிறே சேர்த்து வாசித்ததாக வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. தொம்மை முழங்கால் அளவு பால் தண்ணீரில் நின்று அதையும் வாசித்தார். யாரும் தடை சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப் போகிறது?

அடுத்தது ஓடுகள். சுத்தமாக வைத்திருங்கள் என்று மேடம் சொல்லியிருந்தார். எனவே தினமும் காலையில் ஓடுகளை வெளியே எடுத்து, தேங்காய் நாரால் தேய்த்து, புதிதாகச் சுண்ணாம்பு பூசி, காயவைத்துத் தொங்கவிட்டார்கள். கோரைமுனையில் எந்த வீட்டுச் சட்டியும் அப்படித் தேய்க்கப்பட்டதில்லை.

வடக்கூர்க்காரர்கள் வந்து ஓடுகளைத் திருடிவிடாமல் இருக்கக் காவல் வேண்டுமே. அந்த வேலைக்கு இன்னாசியைத் தேர்ந்தெடுத்தார்கள். ஊரிலேயே உட்காருவதில் அனுபவம் அதிகம் உள்ளவர் அவர்தான். ஓடுகளின் பக்கத்தில் தண்ணீருக்குள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, கம்பத்தோடு சேர்த்துக் கட்டிக் கொடுத்தார்கள். தண்ணீர் இறங்கும் வற்றத்தில் அவருக்குப் பாதம் நனையும். ஏற்றத்தில் நெஞ்சு வரை வரும். இரண்டுக்கும் இன்னாசி எழுந்திருக்க மாட்டார்.

கொஞ்ச நாளில் ஓடுகளின்மேல் மிளகுத்தூள் தூவியதுபோல் பொட்டுப் பொட்டாக ஏதோ ஒட்டியது.

"குஞ்சா இருக்குமோ?" என்றான் சூசை.

தொம்மை ஓட்டைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். "குஞ்சுன்னா ஒரு மூக்கு, முழி இருக்க வேண்டாமா? இது அழுக்கு."

"அழுக்குன்னா இப்படியா பிடிச்சுக்கிட்டு நிக்கும்?"

"கெட்ட அழுக்கு."

பிலோமி கத்தியை எடுத்து வந்தாள். அன்றிலிருந்து தேய்ப்பதோடு சுரண்டுவதும் சேர்ந்தது. அழுக்கு திரும்பத் திரும்ப வந்தது. அவர்களும் விடவில்லை.

இரண்டு மாதம் கழித்து தமயந்தி வந்தார். ஓடுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். முகம் பார்க்கலாம்போல் பளிச்சென்று இருந்தன.

"ஒன்றுகூட இல்லையே?"

"ஒண்ணுகூட இல்ல மேடம்" என்றார் தொம்மை பெருமையாக. "என்னவோ புள்ளி புள்ளியா வந்துகிட்டே இருந்துச்சு. வர வரச் சுரண்டிட்டோம்."

தமயந்தி கையிலிருந்த ஓட்டைக் கீழே வைத்தார். "அண்ணே, அந்தப் புள்ளிதான் குஞ்சு. இனி நான் செய்வதற்கு ஒன்றும் இல்லை. காயல் வடக்கூருக்குத்தான்."

பிலோமி கத்தியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

அதிகாரி வந்திருக்கும்போது உட்கார்ந்திருப்பது மரியாதை இல்லை என்று சூசை கண்ணைக் காட்ட, இன்னாசி வேண்டாவெறுப்பாக எழுந்தார். வற்ற நேரம். நாற்காலியின் நான்கு கால்களிலும், இருக்கையின் அடியிலும் நகம் நகமாகச் சிப்பிக் குஞ்சு, இடைவெளி இல்லாமல் ஒட்டியிருந்தது.

தமயந்தி தண்ணீரில் மண்டியிட்டுப் பார்த்தார். "இதை நீங்கள் தேய்க்கவில்லையா?"

"எந்திரிச்சாத்தானே மேடம் தேய்க்க விடுவேன்" என்றார் இன்னாசி.

காயல் கோரைமுனைக்கே என்று முடிவானது. நாற்காலியை யாரும் நகர்த்தக் கூடாது, இந்தக் குஞ்சுகளில் பல வளர்ந்து பெண்ணாகி முட்டை விடும் என்று சொல்லிவிட்டு தமயந்தி போனார்.

உடனே கூட்டம் கூடியது. மறுநாள் காலை இன்னாசி வேலைக்குப் போனபோது, நாற்காலியின் முதுகில் சிவப்புப் பெயிண்டில் 'பெண்கள்' என்று எழுதியிருந்தது. பிலோமி உட்கார்ந்திருந்தாள்.

"இன்னும் ஆம்பிளையாத்தானே இருக்குதுங்க" என்றார் இன்னாசி.

"எது எப்ப மாறும்னு மேடத்துக்கே தெரியாது வே" என்றார் தொம்மை. "மாறுற நேரத்துல நீர் மேல உட்கார்ந்திருந்தா நல்லாவா இருக்கும்?"

இன்னாசி யோசித்துப் பார்த்தார். நியாயமாகத்தான் பட்டது.

இப்போதும் வடக்கூர்ப் படகுகள் அந்த வழியாகப் போனால் அவரைப் பார்க்கலாம். இடுப்பளவு தண்ணீரில், பஸ்ஸில் நிற்பதுபோல் ஒரு கையால் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

"ஏன் வே நிக்கிறீர்?" என்று கேட்பார்கள்.

"சிலது திரும்பவும் ஆம்பிளையாகுமாம். ஆனதும் உட்காந்துக்குவேன்" என்பார் இன்னாசி.