முழங்கைக்கு மேல்

அநியாயம் நடந்தது தாட்சாயணிக்கு. அவள் வாதம் அதுதான்.

ஊசி குத்தி ரத்தம் எடுப்பதை நர்சிங் கல்லூரி அவளுக்குச் செல்போன் வீடியோவில் சொல்லிக்கொடுத்தது. ஆன்லைன் தேர்வு வைத்து முழு மதிப்பெண்ணும் போட்டது. வார்டில் கால் வைத்த முதல் நாளே வெளியே போகச் சொல்லிவிட்டது.

வார்டில் கேட்டால் அநியாயம் லாரி டிரைவர் தேவசகாயத்துக்கு என்பார்கள். அவள் ரத்தம் எடுக்கும்போதே மனிதர் மயங்கிச் சரிந்தார். கட்டில் கம்பியில் இடித்து உதடு கிழிந்தது. அந்தச் சத்தம் கேட்டுத்தான் அவள் நிமிர்ந்தாள்.

பயிற்றுநர் எஸ்தர் கையெழுத்துப் போட்டால்தான் இறுதித் தேர்வு. இல்லையென்றால் இன்னொரு வருஷம்.

டியூட்டி முடிந்து, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, பயிற்சி அறையில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார் எஸ்தர்.

"நான் செஞ்சதுல ஒரு தப்புச் சொல்லுங்க மேடம். நரம்பு பிடிச்சது சரியா, இல்லியா?"

"சரி."

"குத்தினது?"

"அதுவும் சரி."

"அப்புறம் என்ன?"

"அந்தாளு மயங்கிட்டாரே."

"வீடியோவுல முழங்கைக்கு மேல ஒண்ணுமே இல்ல மேடம். கை மட்டுந்தான். காட்டாததை எங்ககிட்ட கேட்டா எப்படி?"

"நியாயந்தாம்மா."

எஸ்தர் எழுந்தார். மடக்குத் திரையை இழுத்துவிட்டு, அதன் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஓரமாக ஒரு கை மட்டும் வெளியே வந்தது. முழங்கை வரைக்கும்.

"இந்தா, உன் வீடியோ. எடு."

விட்டுக்கொடுப்பாளா தாட்சாயணி? கையுறை போட்டாள். முழங்கைக்குக் கீழே பட்டையை இறுக்கினாள். நரம்பைத் தடவிப் பார்த்து, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தாள். ஒரே குத்து. சிரிஞ்சில் ரத்தம் ஏறியது.

"பாத்தீங்களா? கை நடுங்கவே இல்ல."

பதில் இல்லை.

"இதுக்கு மேல என்னதான் மேடம் தெரியணும்?"

மூடியிருந்த விரல்கள் மெல்லத் தளர்ந்தன.

எட்டிப் பார்த்தாள். திரையின் பச்சைத் துணிதான் தெரிந்தது. எழுந்து போகலாமென்றால் ஊசி உள்ளே இருக்கிறது.

"மேடம்?"

மின்விசிறி மட்டும் கிறீச்சிட்டது.

"விளையாடாதீங்க மேடம்."

அவள் குரல் இறங்கியது.

"வலிக்குதா?"

திரைக்குப் பின்னாலிருந்து வந்தது பதில்.

"வலிக்குதும்மா. பரவால்ல, நீ எடு."