முந்நூற்றுப் பதிமூன்றாவது சீட்டு

"அம்மா, இந்த ஒரு சொல் என் உயிரை வாங்குது" என்றார் சிற்றம்பலம்.

தென்காசிப் பக்கம் ஒரு மலையடிவாரத்து அகராதி மடத்தில் அவர் பதினைந்து வருஷமாக ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ் தேடிக்கொண்டிருந்தார். அவருக்கு வயது அறுபது. குரு பூங்கோதைக்கு முப்பத்தைந்து. ஞானத்துக்குப் பிறந்த தேதி கேட்கிற வழக்கம் அந்த மடத்தில் கிடையாது.

"எந்தச் சொல், ஐயா?"

"ஹார்ம். தீங்குன்னு எழுதினா ரொம்பக் கனக்குது. கெடுதல்னு எழுதினா இளைச்சுப்போகுது. முந்நூத்திப் பன்னிரண்டு சீட்டு சேர்த்துட்டேன், அர்த்தம் மட்டும் சிக்கல."

மடத்தின் முறை அது. எழுத்திலோ பேச்சிலோ ஒரு சொல்லைக் கண்டால் அந்த வாக்கியத்தைச் சீட்டில் எழுத வேண்டும். அடியில், யார் யாரிடம் சொன்னது என்றும் எழுத வேண்டும். அந்த அடிவரி இல்லாத சீட்டைப் பூங்கோதை கையால் தொடமாட்டார்.

"வேற என்ன குறை?"

சிற்றம்பலத்தின் குரல் இறங்கியது. "ஜபருல்லா என்கிட்ட பேசமாட்டேங்காரு. பதினெட்டு நாளாச்சு. தனியா டீ குடிச்சுக் குடிச்சு நாக்கே செத்துப்போச்சு."

ஜபருல்லா அதே மடத்தில் அவரோடு பதினைந்து வருஷமாகச் சீட்டு எழுதுகிறவர். நடந்தது இதுதான். ஹார்ம் சீட்டுகளுக்குப் பெட்டி போதவில்லை. அலமாரியில் ஒரு நல்ல பெட்டி இருந்தது. உள்ளே இருந்ததைச் சாக்கில் கொட்டிவிட்டு எடுத்துக்கொண்டார். கொட்டியது, ஜபருல்லா இரண்டு வருஷமாக வரிசைப்படுத்திய, 'எஸ்' எழுத்தில் தொடங்கும் ஆங்கிலச் சொற்களின் சீட்டுகள். மடத்தில் அதைவிடப் பெரிய வேலை எந்த எழுத்துக்கும் இல்லை.

"மன்னிப்புக் கேட்டீங்களா?"

"கடிதமே கொடுத்தேன், அம்மா. நல்ல இங்கிலீஷ்ல." நகல் சட்டைப் பையிலேயே இருந்தது. எடுத்து நீட்டினார்.

பூங்கோதை அதைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டார்.

"முதல்ல உங்க சீட்டைப் பிரிங்க. ஹார்ம் நடந்ததுன்னு சொல்றது இந்தப் பக்கம். நடக்கலைன்னு சொல்றது அந்தப் பக்கம்."

மதியத்துக்குள் அந்தப் பக்கம் குவிந்துவிட்டது. கேட்பதில் ஹார்ம் இல்லை. ஹார்ம் செய்ய நினைக்கவில்லை. 'நோ ஹார்ம் டன்', ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

சிற்றம்பலத்துக்கு உற்சாகம் தாங்கவில்லை. "அம்மா, இவங்க இந்தச் சொல்லை வச்சிருக்கறதே இல்லைன்னு சொல்றதுக்குத்தான் போல!"

பூங்கோதை சிரித்தார். "அதுல, அடி வாங்கினவன் சொன்னது எத்தனை?"

சிற்றம்பலம் அடிவரிகளைப் பார்த்தார். "நாலு."

"மத்தது?"

"அடிச்சவன் சொன்னது. பக்கத்துல நின்னவன் சொன்னது."

"சரி, இந்தச் சின்னக் குவியல்ல, நான்தான் செஞ்சேன்னு எத்தனை?"

இரண்டு முறை புரட்டினார். "ஒண்ணுகூட இல்ல. ஏற்பட்டதுன்னு இருக்கு, நேர்ந்ததுன்னு இருக்கு."

"மழை மாதிரி தானா பெஞ்சிருக்கு."

பூங்கோதை கடிதத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தார். "இதையும் சேருங்க. முந்நூத்திப் பதிமூணு."

சிற்றம்பலம் படித்தார். ஹார்ம் எதுவும் உத்தேசிக்கப்படவில்லை. ஏதேனும் ஹார்ம் ஏற்பட்டிருப்பின், அது வருந்தத்தக்கது.

காலையில்கூட அழகாகத்தான் தெரிந்தது.

"யார் செஞ்சது, யாருக்குன்னு இதுல இல்லையே, ஐயா" என்றார் பூங்கோதை. "சீட்டா எடுத்துக்க முடியாது."

சிற்றம்பலத்துக்குக் காது சுட்டது. எழுந்து போனார்.

ஜபருல்லா தன் அறையில், தரையெல்லாம் சீட்டு பரப்பி நடுவில் உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை. சிற்றம்பலம் எதிரே சம்மணம் போட்டார்.

"ஓய் ஜபரு. நாந்தான் வே கொட்டினேன். தெரியாம இல்ல. உம்ம கையெழுத்தைப் பார்த்துட்டுத்தான் கொட்டினேன். உம்ம வேலையைவிட என் வேலை பெருசுன்னு தோணிச்சு."

ஜபருல்லா நிமிர்ந்தார். "பார்த்துட்டா?"

"பார்த்துட்டு."

ஜபருல்லா மறுபடி சீட்டுகள் பக்கம் குனிந்தார். போச்சு, பதினைந்து வருஷப் பழக்கமும் போச்சு என்று சிற்றம்பலம் நினைத்தார்.

ஜபருல்லா பாதிக் குவியலை அவர் பக்கம் தள்ளினார். "பிரியும்."

பிரித்தார்கள். வெயில் சாயும்வரை பிரித்தார்கள். திடீரென்று ஜபருல்லாவின் தோள் குலுங்கியது. சிரிப்பு.

"என்ன வே?"

"உம்ம சாக்குல 'ஸாரி'ன்னு மட்டும் எழுபது சீட்டு கிடக்கு வே! ஒண்ணு கேட்டிருந்தா நானே தந்திருப்பேனே. அதை விட்டுட்டு என்ன ஒரு கடுதாசி!"

சிற்றம்பலம் சிரித்த சிரிப்பில் சீட்டுகள் பறந்தன. கண்ணில் தண்ணீர் வந்தது. துடைத்துக்கொள்ளவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

ஜபருல்லா மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். "சரி விடும். நோ ஹார்ம் டன்."

சிற்றம்பலம் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். வெற்றுச் சீட்டில் அந்த மூன்று சொல்லையும் எழுதினார். அடியில், சொன்னவர் ஜபருல்லா என்று எழுதினார். யாரிடம் என்ற இடத்தில் பென்சில் நின்றது.

ஜபருல்லா எட்டிப் பார்த்தார்.

"ஏன் நிக்கீரு? கொட்டினவர்கிட்டன்னு எழுதும் வே."