தில்லைக்கண்ணு போட்ட ஓட்டு

பட்டுக்கோட்டையில் ஒரு குருவும் ஒரு சீடரும் இருந்தார்கள். குருவுக்கு வயது முப்பத்தொன்று. சீடருக்கு ஐம்பத்து நான்கு.

குருவின் பெயர் இர்ஃபானா. பிசியோதெரபி படித்தவர். பக்கவாதம் வந்தவர்கள், மூட்டு தேய்ந்தவர்கள், கை நடுங்குகிறவர்கள், நாலு வார்த்தை பேசினால் மூச்சு வாங்குகிறவர்கள் எல்லோரும் காலை ஒன்பது மணிக்கு அவருடைய உடற்பயிற்சிக் கூடத்துக்கு வந்துவிடுவார்கள். முன்பு அது ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம். எத்தனையோ பந்தி பார்த்த சுவரில் ‘கை கழுவும் இடம்’ என்ற எழுத்தும் அம்புக்குறியும் இன்னும் அழியாமல் இருந்தன.

சீடரின் பெயர் லூர்துமேரி. இருபத்தாறு வருடம் ஆஸ்பத்திரி ஆயாவாக இருந்தவர். இப்போது இர்ஃபானாவிடம் பயிற்சி உதவியாளர் வேலை பழகிக்கொண்டிருந்தார். ஆளைத் தூக்குவதில் அவரை மிஞ்ச முடியாது. எண்பது கிலோ மனிதரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் போய் மின்விசிறியைப் போடுவார்.

ஒரே ஒரு தடவை ஒருவர் அவர் கையிலிருந்து நழுவிக் குளியலறையில் விழுந்திருக்கிறார். பதினோரு வருடம் ஆகிவிட்டது. விழுந்தவர் குணமாகி வீட்டுக்கும் போய்விட்டார். அந்தச் சத்தம் மட்டும் லூர்துமேரியிடமே தங்கிவிட்டது.

தேர்தலுக்குப் பத்தொன்பது நாள் இருக்கும்போது தில்லைக்கண்ணு வந்து சேர்ந்தார். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் சைக்கிள் ஸ்டாண்டு வைத்திருந்தவர். மூன்று வருடம் முன்பு பக்கவாதம் வந்து இடது கையும் இடது காலும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. சக்கர நாற்காலியில் வைத்து மருமகன் இளவழகன் தள்ளிக்கொண்டு வந்தார்.

“மாமாவைப் பத்திரமாப் பாத்துக்கங்க மேடம்” என்று சொல்லிவிட்டு, காதில் போனோடு மருமகன் வெளியே போனார்.

அவர் படியிறங்கும்வரை தில்லைக்கண்ணு பொறுத்திருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“டாக்டர் பாப்பா, இந்தத் தடவை நான் தனியாப் போய் ஓட்டுப் போடணும்.”

“போன தடவை?”

“போன தடவை மாப்பிள்ளை துணைக்கு வந்தாரு. மாமாவால நிக்க முடியாது, கையும் வராதுன்னு ஆபீசர்கிட்ட சொன்னாரு. எனக்கு இடது கைதானே வராது? வலது கை நல்லாத்தான் இருக்கு. அதைச் சொல்ல வாயைத் திறக்கிறதுக்குள்ள அமுக்கிட்டாரு.”

“எதுல அமுக்கினாரு?”

“அவரு கட்சியிலதான்.”

காதில் விழுந்தவர்கள் சிரித்தார்கள். தில்லைக்கண்ணு சிரிக்கவில்லை.

“நல்ல மனுசன்தான். என்னைக் குளிப்பாட்டி விடுறதே அவருதான். குறை சொல்லக் கூடாது. ஆனா நாப்பது வருஷமா நான் யாருக்குப் போட்டேன்னு என் சம்சாரத்துக்கே தெரியாது பாப்பா. என்கிட்ட மிச்சம் இருந்த ரகசியம் அது ஒண்ணுதான்.”

“சக்கர நாற்காலியிலேயே தனியாப் போகலாமே?” என்று லூர்துமேரி கேட்டார்.

“ஒத்தைக் கையால தள்ளுனா இது வட்டம்தாம்மா சுத்துது. ஓட்டுச்சாவடியில போய் ராட்டினம் ஆடச் சொல்றியா?”

இர்ஃபானா அவரை எழுந்து நிற்கச் சொல்லிப் பார்த்தார். நடக்கச் சொல்லிப் பார்த்தார். நாலுகால் கம்பை வலது கையில் பிடித்துக்கொண்டு, இடது காலைக் கொஞ்சம் இழுத்தபடி, ஒரு பத்து தப்படி அவரால் போக முடிந்தது.

“நடை வந்துரும் ஐயா” என்றார் இர்ஃபானா. “சிக்கல் அங்க போனப்புறம்தான். பித்தானை எந்தக் கையால அமுக்குவீங்க?”

“இந்தக் கையாலதான்.”

“அதுலதான் கம்பு இருக்கே.”

தில்லைக்கண்ணு தன் வலது கையைப் பார்த்தார். அப்போதுதான் முதல்முறையாகப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

“சின்னத்தைத் தேடணும், அமுக்கணும், கண்ணாடிக்குள்ள சீட்டு தெரியுறதைப் பாக்கணும். பன்னிரண்டு எண்ணிக்கை. அந்தப் பன்னிரண்டும் கம்பில்லாம நிக்கணும்” என்றார் இர்ஃபானா. “லூர்தக்கா, ஐயா உங்க பொறுப்பு.”

மறுநாள் பயிற்சி தொடங்கியது. ரத்த அழுத்தம் பார்த்த பிறகு லூர்துமேரி அவர் இடுப்பில் பட்டையைக் கட்டுவார். விழப்போனால் பிடிப்பதற்கான அகலப் பட்டை அது. பிறகு நாற்காலி நுனிக்கு நகர்த்தி, “மூக்கு கால் கட்டைவிரலுக்கு மேல வரட்டும், அப்புறம் எழுந்திரிங்க” என்பார். பத்து தடவை எழுவார், பத்து தடவை உட்காருவார். இடது காலில் பாரம் போட்டு நிற்பார். கடைசியாகக் கம்பை விட்டுவிட்டு நிற்பார். லூர்துமேரி பட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு எண்ணுவார்.

முதல் நாள் நாலு. மூன்றாம் நாள் ஏழு. எட்டாம் நாள் பன்னிரண்டு.

“மேடம், ஐயா பாஸ்!” என்று லூர்துமேரி கூவினார். கை நடுங்குகிற ரெங்கநாயகி அம்மாள் கைதட்ட முயன்றார். தில்லைக்கண்ணு கல்யாண மாப்பிள்ளைபோல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

இர்ஃபானா வந்தார். “இன்னொரு தடவை” என்றார். பட்டையைத் தன் கையில் வாங்கி, இரண்டு விரலால் பிடித்துக்கொண்டார்.

தில்லைக்கண்ணு கம்பை விட்டார். ஒன்று. இரண்டு. மூன்றில் இடது முழங்கால் மடிந்தது. இர்ஃபானா தன் முழங்காலால் முட்டுக் கொடுத்து, அவரைப் பின்னால் இருந்த நாற்காலியில் மெதுவாக உட்கார வைத்தார்.

தில்லைக்கண்ணு லூர்துமேரியைத் திரும்பிப் பார்த்தார்.

“இத்தனை நாளா நின்னது யாரும்மா? நீயா?”

லூர்துமேரி பட்டையைப் பார்த்தார்.

“சரி விடு. மாப்பிள்ளையே வரட்டும். அவரு விரல் நல்ல விரல்” என்றார் தில்லைக்கண்ணு.

லூர்துமேரி அம்புக்குறி காட்டிய இடத்துக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றார். கை கழுவவில்லை. தண்ணீர் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. இர்ஃபானா பின்னால் வந்து குழாயை மூடினார்.

“பட்டையைப் பிடின்னு சொன்னீங்க மேடம். பிடிச்சேன். எப்ப விடணும்னு நீங்க சொல்லவே இல்லையே” என்றார் லூர்துமேரி.

“நாளைக்கு நம்ம கூடத்துல தேர்தல்” என்றார் இர்ஃபானா.

மறுநாள் கூடத்தின் மூலையில் ஒரு டிவிப் பெட்டியின் அட்டை நின்றது. அதன் மறைவில், தாழ்வான முக்காலியில் நாலு டப்பா. பயிற்சி முடிந்ததும் குடிக்க என்ன வேண்டும் என்பதுதான் தேர்தல். டீ, மோர், சுக்குக் காப்பி, ரோஸ்மில்க் என்று நாலு வேட்பாளர்கள். ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை. பேனாவால் விரலில் மை வைக்கும் அதிகாரி ரெங்கநாயகி அம்மாள். அவர் கை நடுக்கத்தில் எல்லோருக்கும் முழங்கைவரை ஓட்டுப் போட்ட அடையாளம் இருந்தது.

“முதல் ஓட்டு லூர்தக்கா” என்றார் இர்ஃபானா. “துணைக்குத் தில்லைக்கண்ணு ஐயா.”

“எனக்கு எதுக்கு மேடம் துணை?”

“சட்டம்.”

ஆக, துணையைச் சக்கர நாற்காலியில் வைத்து ஓட்டுப் போடுகிறவரே தள்ளிக்கொண்டு போனார். லூர்துமேரிக்கு ஒரு வாரமாகத் தொண்டைக் கரகரப்பு. சுக்குக் காப்பிக்குப் போடுவதென்று முந்தின நாளே முடிவு செய்திருந்தார். கையை நீட்டினார்.

“குடும்மா இங்க. உனக்கு எதுக்குச் சிரமம்?” என்று தில்லைக்கண்ணு புளியங்கொட்டையை அவர் கையிலிருந்து எடுத்தார். ரோஸ்மில்க் டப்பாவில் போட்டார். டங்.

“ஐயா! நான் சுக்குக் காப்பிக்குப் போட வந்தேன்!”

“சுக்கு உனக்குச் சூடும்மா. உன் நல்லதுக்குத்தான்.”

“என் ஓட்டு ஐயா அது!”

“அதான் போட்டாச்சே. பத்திரமாப் போட்டிருக்கேன், கவலைப்படாத.”

கூடம் வெடித்துச் சிரித்தது. லூர்துமேரி டப்பாவைக் கவிழ்க்கப் போனார். “போட்டது போட்டதுதான் லூர்தக்கா” என்று இர்ஃபானா தடுத்தார். லூர்துமேரிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவர் பாதியில் நிறுத்தினார். வெறுமையாக இருந்த தன் உள்ளங்கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

ரோஸ்மில்க் ஏழு ஓட்டு வாங்கி ஜெயித்தது. “ஏழு பேர்ல ஆறு பேருக்குச் சர்க்கரை இருக்கு. தேர்தல் செல்லாது” என்று இர்ஃபானா அறிவித்தார். ஜனநாயகம் செத்துவிட்டதாகத் தில்லைக்கண்ணு முழக்கமிட்டார்.

சத்தம் அடங்கியதும் இர்ஃபானா லூர்துமேரியிடம் சொன்னார்: “பட்டையைக் கட்டுங்க.”

லூர்துமேரி கட்டினார். தில்லைக்கண்ணுவை நாற்காலி நுனிக்கு நகர்த்தினார். அவர் எழுந்தார். கம்பை விட்டார். லூர்துமேரியின் கை பட்டைக்கு நாலு விரல் தள்ளி, விரிந்தபடி நின்றது. அந்த நாலு விரல் இடைவெளியில் பதினோரு வருடத்துச் சத்தம் முழுவதும் கேட்டது. இடது முழங்கால் நடுங்கியது. கை தானாக முன்னால் போனது. இர்ஃபானா லேசாக இருமினார். கை நின்றது.

மூன்று. நான்கு. ஐந்து. தில்லைக்கண்ணு பொத்தென்று உட்கார்ந்தார்.

“இந்த அஞ்சு யாரு நின்னது?” என்று சந்தேகத்தோடு கேட்டார்.

லூர்துமேரி போலீஸைக் கண்ட திருடன்போல் இரண்டு கையையும் மேலே தூக்கிக் காட்டினார்.

தில்லைக்கண்ணு அந்தக் கைகளையும் தன் காலையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, “எங்க, இன்னொரு தடவை” என்றார்.

ஆறு வந்தது. எட்டு வந்தது. மறுபடி ஆறாகி, அவர் கம்பைத் திட்டினார். ஒன்பது வந்தது. தேர்தலுக்கு மூன்று நாள் முன்பு ஒரே ஒரு தடவை பன்னிரண்டு வந்தது. தேர்தலுக்கு முந்தின நாள் பத்தோடு நின்றுவிட்டது.

“பத்துக்குள்ள முடிச்சுருவேன். சின்னம் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்” என்றார் தில்லைக்கண்ணு. முகத்தில் சிரிப்பு இருந்தது, கண்ணில் இல்லை.

லூர்துமேரிக்கும் அதே பள்ளிக்கூடத்தில்தான் ஓட்டு. காலையிலேயே போட்டுவிட்டு, ஜன்னல் ஓரம் வேப்பமர நிழலில் நின்றுகொண்டார். பத்து மணிக்குச் சக்கர நாற்காலி வந்தது. வரிசை வழிவிட்டது. வாசலில் தில்லைக்கண்ணு எழுந்து கம்பை ஊன்றினார்.

“துணைக்கு யாராவது வர்றீங்களா?” என்று அதிகாரி கேட்டார்.

இளவழகன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்னால் வந்தார்.

“மாப்பிள்ளை, நீங்கதான் உங்க ஓட்டைப் போட்டாச்சே” என்றார் தில்லைக்கண்ணு.

“விழுந்துருவீங்க மாமா.”

“விழுந்தா வந்து தூக்குங்க. அதுக்கு முன்னாடி வராதீங்க.”

அவர் உள்ளே போனார். மை வைத்தார்கள். அட்டை மறைவுக்குப் பின்னால் மேசைக்கு அடியில் கால்கள் மட்டும் லூர்துமேரிக்குத் தெரிந்தன. கம்பின் கால் நாலு. மனிதரின் கால் இரண்டு. கம்பு அசையாமல் நின்றது. கையை விட்டுவிட்டார் என்று அர்த்தம்.

ஒன்று. இரண்டு. லூர்துமேரியின் உதடு எண்ணியது. அஞ்சில் இடது முழங்கால் ஆடியது. எட்டில் இன்னும் அதிகமாக ஆடியது. லூர்துமேரியின் கை ஜன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்தது. பத்து. இயந்திரத்தின் சத்தம் இன்னும் வரவில்லை. பதினொன்று. பன்னிரண்டு. இடது பாதம் ஓர் அங்குலம் நகர்ந்து, தரையைத் தேடி, அழுத்தி ஊன்றியது. பதின்மூன்று.

பீ என்று நீளமாக ஒரு சத்தம்.

கம்பின் நாலு காலும் தரையை விட்டு எழுந்து, திரும்பி நடந்தன. வெளியே வந்த தில்லைக்கண்ணு மை வைத்த இடது கை விரலைத் தூக்க முடியாமல், அந்தக் கையை வலது கையால் பிடித்து உயர்த்திக் காட்டினார். காட்டிய பிறகுதான் கம்பை விட்டுவிட்டது அவருக்கே தெரிந்தது. வரிசையில் நின்றவர்கள் காரணம் தெரியாமல் கைதட்டினார்கள். வேப்பமரத்தடியில் ஐம்பத்து நான்கு வயதுப் பெண் ஒருத்தி குதித்ததை யாரும் கவனிக்கவில்லை.

மறுநாள் கூடத்தில் எல்லோருக்கும் ஒரே கேள்விதான். ரெங்கநாயகி அம்மாள் கேட்டார். மூச்சு வாங்குகிறவர் மூச்சைச் சேமித்து வைத்துக் கேட்டார். “மேடம், நீங்களாவது கேட்டுச் சொல்லுங்க. வீட்ல வாயே திறக்க மாட்டேங்கிறாரு” என்று இளவழகனும் சொல்லிவிட்டுப் போனார்.

தில்லைக்கண்ணு, “இன்னைக்கு எத்தனை தடவை எழுந்திரிக்கணும்?” என்று மட்டும் கேட்டார்.

லூர்துமேரி அவருடைய பயிற்சி அட்டையை எடுத்துக்கொண்டு இர்ஃபானாவிடம் போனார்.

“இத்தனை நாளா கூடவே நின்னேன் மேடம். யாருக்குப் போட்டாருன்னு என்கிட்டயாவது சொல்லலாமில்ல?”

“கேட்டீங்களா?”

“மூணு தடவை.”

“என்ன சொன்னாரு?”

“உனக்கு எதுக்கும்மா அதுன்னுட்டாரு.”

இர்ஃபானா அட்டையை வாங்கிப் புரட்டினார். எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது. ‘துணை’ என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது. பேனாவின் மூடியைக் கழற்றி லூர்துமேரியிடம் நீட்டினார்.

“தேவையில்லைன்னு எழுதுங்க, லூர்தக்கா.”