ரயிலுக்கு ருசி பார்த்தவர்

“கண் இல்லாத மயிலை முன்னால் விட்டால் அக்கம்பக்கத்து ராஜாக்கள் சிரிக்க மாட்டார்களா, மகாராஜா?” என்றார் வல்லாளர்.

ரயில் எஞ்சினின் நெற்றியில் பொருத்துவதற்காகச் செய்த வெள்ளி மயில், சபை நடுவே ஆளுயரத்துக்கு நின்றது. கண்ணுக்கு மாணிக்கம் வாங்குவதுதான் பாக்கி.

தேன்பாறை நாட்டை அப்போது ஆண்டவர் சிங்காரபூபதி. மலையிலிருந்து கீழே சந்தைக்கு ஒரு ரயில் விட்டிருந்தார். நல்ல மனிதர்தான். பளபளப்பாக எதைக் கண்டாலும் சரி என்றுவிடுவார், அவ்வளவுதான். வல்லாளர் அவருடைய பொக்கிஷ அதிகாரி. மன்னர் சாப்பிடுமுன் ஒவ்வொரு பண்டத்தையும் ருசி பார்த்து, விஷமில்லை என்று சொல்லும் பெருமையும் அவருக்கே.

மந்திரி குழந்தையப்பர் எழுந்தார். “மன்னா, ரயிலின் பிரேக் தேய்ந்துவிட்டது. வெள்ளிக்கிழமை மலைத் திருவிழா முடிந்து ஊரே அதில்தான் இறங்கப்போகிறது. கொண்டை வளைவில் வேகம் குறையாவிட்டால் பள்ளம்தான். மாணிக்கத்துக்கு வைத்த பணத்தை பிரேக்குக்குக் கொடுங்கள்.”

“இத்தனை வருஷத்தில் ஒரு கோழிக்குஞ்சாவது செத்ததா?” என்றார் வல்லாளர். “நடக்காத விஷயத்துக்கு எதற்குச் செலவு? நான் எது செய்தாலும் மந்திரிக்கு வயிற்றெரிச்சல்.”

வயிற்றெரிச்சல் யாருக்கு என்பது சபைக்குத் தெரியும். மன்னருக்கு விளையாட்டுப் புத்தி வந்துவிட்டது.

“குழந்தையப்பரே, ஒரு பந்தயம். நாளை மதியம் நான் சாப்பாட்டில் கை வைப்பதற்குள், வல்லாளர் வாயாலேயே உம் பக்கம் பேச வையும். ஜெயித்தால் பணம் பிரேக்குக்கு. தோற்றால் மயிலுக்குக் கண், உமக்கு வேலை கிடையாது.”

மறுநாள் மன்னருக்கு இலை போட்டாயிற்று. வல்லாளர் பக்கத்தில் உட்கார்ந்து அவியலை ருசி பார்த்துக்கொண்டிருந்தார். மந்திரி சிரித்த முகத்தோடு வந்தார்.

“மன்னா, மயிலுக்குக் கண் வைக்க வழி கண்டுபிடித்துவிட்டேன். ருசி பார்க்கும் பதவியை எடுத்துவிடுங்கள். மானியம், பட்டு, பல்லக்கு எல்லாம் மிச்சம். மூன்று கண்கூட வைக்கலாம்.”

வல்லாளருக்குப் புரையேறியது. “என்ன சொல்கிறீர்?”

“கோபப்படாதீர், ஐயா. இத்தனை வருஷத்தில் ஒருநாளாவது விஷம் இருந்ததா?”

“இல்லை.”

“நடக்காத விஷயத்துக்கு எதற்குச் செலவு?”

வல்லாளர் இலையைத் தாண்டி எழுந்தார். “நடக்கவில்லை என்றால் ஏன் நடக்கவில்லை? தினமும் நான் பார்ப்பதால்! ஒருநாள் விட்டால் அந்த ஒருநாளே போதுமே! உயிர் போனபிறகு காவல் போட்டு யாருக்கு லாபம்? அரண்மனைக்குச் சுண்ணாம்பு அடிப்பதில் கையை இறுக்குங்கள், தோரணத்தில் இறுக்குங்கள். உயிர் காக்கும் செலவிலா இறுக்குவது? மகாராஜா, நீங்களே சொல்லுங்கள்!”

சோற்றுக்குப் போன மன்னரின் கை அந்தரத்தில் நின்றது. பிறகு தொப்பை குலுங்கச் சிரித்தார்.

“வல்லாளரே, பிரேக்குக்காக இதைவிட நன்றாக யாரும் பேச முடியாது.”

“நான் பிரேக்கைப் பற்றிப் பேசவே இல்லையே!”

“அதனால்தான் இவ்வளவு நன்றாகப் பேசினீர்.”

பரிமாறுகிறவர்கள்கூட வாயைப் பொத்திக்கொண்டார்கள். வல்லாளர் மெல்ல உட்கார்ந்தார்.

“பணம் பிரேக்குக்கு,” என்றார் மன்னர். “உம் பதவி உம்மிடமே இருக்கட்டும். ஆனால் என் சாப்பாட்டோடு நிறுத்தாதீர். ஜனங்கள் ஏறுமுன் ரயிலையும் நீரே ருசி பாரும். மந்திரியாரே, உமக்கு என்ன வேண்டும்?”

“இன்னொரு இலை. பந்தயக் கவலையில் காலையில் ஒன்றும் இறங்கவில்லை.”

வெள்ளிக்கிழமை, புது பிரேக் போட்ட காலி வண்டியில் மலை உச்சியிலிருந்து வல்லாளர் ஒருவர் மட்டும் இறங்கி வந்தார். ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக் கண்ணை மூடியிருந்தார். கொண்டை வளைவில் வண்டி கிறீச்சிட்டு, நிதானித்து, ஆமைபோல் திரும்பியது. கீழே நின்றதும், “ருசி எப்படி?” என்று கேட்டார் மன்னர்.

“உப்பு, காரம் எல்லாம் சரியாக இருக்கிறது,” என்றார் வல்லாளர். கை இன்னும் ஜன்னல் கம்பியை விடவில்லை.

வண்டி ஜனங்களை ஏற்றிவர மேலே போனது. சற்று நேரத்தில் மலையிலிருந்து மேளச் சத்தம் இறங்கி வந்தது. மன்னரும் மந்திரியும் கூட்டமும் அண்ணாந்து பார்த்தார்கள். விளையாடிய பிள்ளைகள் தண்டவாளத்தின்மேல் ஒரு கல்லை விட்டுப் போயிருந்தார்கள். வல்லாளர் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேடையிலிருந்து இறங்கி, அதை எடுத்துப் புதருக்குள் போட்டுவிட்டு வந்து நின்றார்.